அலை என் காலில் விழுந்த கதை

எனக்குத் திமிர் கொஞ்சம் அதிகம். என் வீட்டார் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

இருபத்தாறு வயதில், மேற்கு மாம்பலத்தில் இருந்தபடி வாரம் ஒரு கவிதை எழுதித் தமிழை வளர்த்துக்கொண்டிருந்தேன். (தமிழ் கேட்கவில்லை.) ஒரு ஞாயிறு மாலை எங்கள் கவிதை வட்டம் பெசன்ட் நகர் கடற்கரையில் கூடியது. நான் எழுந்து நின்று முழங்கினேன்:

அலைப் பெண்ணே,
என் பாதம் தொட்டு வணங்கி
விடைபெற்றுப் போகிறாய்!

பத்துப் பேர் கைதட்டினார்கள். பின்னால் மீன் கூடையோடு நின்ற ஒருத்தி மட்டும் சிரித்தாள். ஸ்டெல்லா. பக்கத்துக் குப்பம், என் வயதுதான்.

“இன்னாக்கா, கடலு உன் கால்ல வுழுந்துச்சா? எங்க ஊட்டுக்காரரே அத்தக் கும்புட்டுட்டுதான் போட்டை எறக்குவாரு. கரையில நின்னுகினு சொல்லிட்ட. உள்ள வந்து சொல்லேன் பாப்போம்!”

வட்டம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம்.

“வரேன். என்னைக்கு?” என்றேன்.

அடுத்த சனிக்கிழமை விடிகாலை, ஸ்டெல்லாவின் கணவர் அந்தோணி ஈரக்கையால் சிலுவை போட்டுக்கொண்டு படகைத் தள்ளினார். நான் புதுச் சுடிதாரில், நோட்டும் பேனாவுமாக நடுவில் உட்கார்ந்திருந்தேன். முதல் அலையில் நோட்டு போயிற்று. இரண்டாவதில் படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. அலைகளைத் தாண்டினால் நிம்மதி என்று நினைத்தேன். அங்கேதான் குடலே வெளியே வந்தது.

“அண்ணே, திருப்பிடுங்கண்ணே!”

“வலை தண்ணியில கீதும்மா. எடுத்துட்டுதான்.”

மூன்று மணி நேரம். அவர் நீரைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், என்னைப் பார்க்கவேயில்லை. கடலும்தான். ஒருமுறை தலைதூக்கினேன். சென்னை முழுவதும் ஒரு மெல்லிய கோடாகக் கிடந்தது. பயமாக இருந்தது. வெட்கமாகவும்.

கரையில் ஸ்டெல்லா சோடாவோடு நின்றாள். “இப்பச் சொல்லு. யாரு கால்ல யாரு வுழுந்தது?”

பதிலை வீட்டுக்குப் போய் எழுதினேன். அடுத்த கூட்டம் மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில். ஸ்டெல்லாவையும் அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்துப் படித்தேன்:

விழுந்தவள் நான்.
உன் முன் வாந்தியெடுத்தேன்.
நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
உனக்கு வேலை இருந்தது.

ஸ்டெல்லா விசிலடித்தாள். வட்டத்தின் செயலாளர் எழுந்தார். “நல்லா வந்திருக்கும்மா. அந்த வாந்தியை மட்டும் ‘மயக்கம்’னு மாத்திட்டா ஆண்டு மலர்ல போட்டுடலாம்.”

“மயக்கம் வந்திருந்தா மயக்கம்னு எழுதியிருப்பேன் சார். வந்தது வாந்தி.”

“அழகுணர்ச்சின்னு ஒண்ணு இருக்கே?”

“முதல் கவிதைல இருந்துது. அது பொய்.”

மலரில் கவிதை வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அழைப்பும் வரவில்லை. போகட்டும் என்று நானே கண்ணாடிச் சட்டம் போட்டு, எங்கள் கூடத்தில் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டினேன். அம்மா கழற்றுவாள், நான் மாட்டுவேன். எட்டு வருடமாக இதுதான் நடக்கிறது. யாராவது சாப்பிட வந்தால் அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சொல்கிறார்:

“இப்படி உட்காருங்க. அந்தப் பக்கம் இலக்கியம் இருக்கு.”