வட்டம் சார் சேவைக்குப் போன கதை

சேவைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. சேவை செய்கிறவர்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்கள் வேறு, பாவம், அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. இவர்கள் பல்கலைக்கழகங்களில் விளைவார்கள். தோளில் துணிப்பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் தண்ணீர் பாட்டில், உலகத்தில் எந்த மூலையில் அநியாயம் நடந்தாலும் அதற்கென்று ஒரு ஸ்டிக்கர் அந்தப் பாட்டிலில். சட்டை கசங்கியிருக்கும், ஆனால் அக்கறையோடு கசங்கியிருக்கும்.

'உதவி' என்ற சொல் இவர்கள் வாயில் வராது. 'உடன் நிற்கிறோம்' என்பார்கள். புதிதாகச் சேர்ந்த மாணவன் எவனாவது தெரியாத்தனமாக "ஏழைங்களுக்கு உதவப் போறோம்" என்று சொல்லிவிட்டால், முள் குத்தினாற்போல முகம் சுருங்கி, அவனைத் தனியே அழைத்து, தோளில் கைபோட்டு, "நாம கொடுக்கப் போகலப்பா, கத்துக்கப் போறோம்" என்று திருத்துவார்கள். கற்றுக்கொண்டது என்ன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கூட்டம் போட்டுவிடுவார்கள் என்ற பயம்தான்.

நம்முடையவர் இந்த இனத்தின் முழுமையான மாதிரி. அவருடைய பதவியின் பெயர் அறைக் கதவில் இரண்டு வரிக்கு ஓடும். அதனால் மாணவர்கள் 'வட்டம் சார்' என்று சுருக்கிவிட்டார்கள். எங்கே போனாலும் ஆட்களை வட்டமாக உட்கார வைத்துவிடுவார். ஒருமுறை சேவைக்குப் போகும் வழியில் பஸ்ஸின் டயர் வெடித்துவிட்டது. எல்லாரையும் இறக்கி, டிரைவரையும் சேர்த்து, சாலையோரம் வட்டமாக உட்கார வைத்து, "இந்த அனுபவம் உங்களுக்குள்ள என்ன செஞ்சது?" என்று கேட்டார். "பசிக்குது சார்" என்றார் டிரைவர். வட்டம் சார் கண்ணை மூடி, மெல்லத் தலையாட்டி, "அருமை" என்றார்.

அருமை. அதுதான் அவருடைய சொல். யார் எதைச் சொன்னாலும் அருமை.

கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளம் வந்த இடத்தில் முழங்கால் சேற்றில் நின்று மூட்டை சுமந்தவர். அவரோடு போய்த் திரும்பிய பிள்ளைகள் சிலர் நல்ல வேலையை உதறிவிட்டு எங்கெங்கோ நல்ல காரியம் பார்க்கிறார்கள். பெற்றோர்கள்தான் இன்னும் மன்னிக்கவில்லை. எல்லாவற்றையும்விட அவருடைய 'கேட்கும் பயிற்சி' பிரபலம். எதிரில் இருப்பவர் பேசும்போது உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்க்க வேண்டும். கண்ணைப் பார்க்க வேண்டும். இடையில் பேசக் கூடாது. போனைத் தொடவே கூடாது. "ஒருத்தரோட குரலைக் கேக்காம விடறதும் ஒரு அநீதிதான்" என்று அவர் சொல்லும்போது பின்வரிசையில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான்.

அவர் வீட்டில் ஒரு மாமனார் இருந்தார். மாமியார் போன பிறகு மகளோடு வந்து தங்கியவர். வேலையில் இருந்தவரைக்கும் லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கும் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பயப்படாமல் இருக்கக் கதவு இடுக்கு வழியாக ஏதாவது பேசிக்கொண்டே பழுது பார்ப்பது அவர் வழக்கம். அப்படிப் பேசிப் பேசியே வளர்ந்த வாய். இப்போது கூடத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தது. மகள் மருந்துக்கடையில் வேலை. இருட்டிய பிறகுதான் வருவாள். மருமகன் சாயந்திரம் வருவார். காதில் போன் இருக்கும். செருப்பைக் கழற்றிக்கொண்டே "சாப்டீங்களா மாமா?" என்பார். மாமா வாயைத் திறப்பதற்குள் அறைக்குள் போய்விட்டிருப்பார். மரியாதைக்குக் குறைவில்லை. கேள்வி தினமும் தவறாமல் வந்தது. பதிலுக்குத்தான் ஆள் இல்லை.

அந்தப் பருவத்தில் மலைக்குப் போவதாக இருந்த பயணம் மழையில் சாலை சரிந்து நின்றுபோனது. பல்கலைக்கழகம் அதற்குப் பதிலாக உள்ளூரிலேயே, பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த முதியோர் பகல் மையத்தை ஏற்பாடு செய்தது. காலையில் வந்து, பேசி, விளையாடி, சாயந்திரம் வீடு திரும்புகிற பெரியவர்களுக்கான இடம். வட்டம் சாருக்கு மனசே இல்லை. ஊருக்குள்ளேயா? பஸ்ஸில் ஏறாமல், வாந்தி எடுக்காமல், போனில் சிக்னல் போகாமல் ஒரு சேவையா? ஆனாலும் பிள்ளைகளுக்கு முன்னால் காட்டிக்கொள்ளாமல், "தனிமைங்கிறது நம்ம பக்கத்துலயே இருக்குப்பா, நாமதான் பாக்கறதில்ல" என்று ஒரு போடு போட்டார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

மையத்தின் பொறுப்பாளர் ஓர் அம்மாள். வாசலிலேயே மறித்துக்கொண்டார். "இன்னைக்கு இங்க கேரம் போட்டி சார். கொஞ்சம் சீக்கிரம் கேட்டு முடிச்சிட்டீங்கன்னா அவங்க ஆரம்பிச்சிடுவாங்க."

ஆளுக்கொரு பெரியவராகப் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, வட்டம் சார் அந்த அம்மாளின் அறையில் உட்கார்ந்து, பல்கலைக்கழகத்துக்கும் மையத்துக்கும் நீண்டகால உறவு என்ற தலைப்பில் பேசத் தொடங்கினார். அந்த அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் வட்டம் சார் பிள்ளைகளை முற்றத்துக்கு வரவழைத்து உட்கார வைத்தார். எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதாகப் பேசியவள் கண்ணாடி போட்ட ஒரு பெண். சமூகப்பணி மாணவி; பயிற்சியில் முதல் ஆள்.

"என்கிட்ட பேசினவர் ரொம்பத் தமாஷான தாத்தா சார். தினமும் இங்க வர்றாராம். வீட்ல பேச ஆளே இல்லையாம்."

"அருமை" என்றார் வட்டம் சார், கண்ணை மூடியபடி. "மேல சொல்லும்மா."

"பொண்ணு வீட்ல இருக்காரு. மருமகன் பெரிய படிப்பு படிச்சவராம், ஊர் உலகத்துக்கெல்லாம் நியாயம் பேசறவராம். தினமும் வந்து 'சாப்டீங்களா'ன்னு கேப்பாராம். ஆனா நின்னு பதில் கேக்கறதில்லையாம். ஒருநாள் சோதிச்சுப் பாக்கலாம்னு தாத்தா, 'இல்ல மாப்பிள்ளை, காலையிலேர்ந்து வயித்துவலி'ன்னு சொல்லியிருக்காரு."

"ம்."

"அதுக்கு அவரு 'அருமை'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாராம் சார்."

வட்டம் கலகலவென்று சிரித்தது. வட்டம் சாரும் சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"அந்தத் தாத்தா என்ன வேலை பாத்தாராம்?" என்று கேட்டார்.

"லிஃப்ட் மெக்கானிக் சார்."

அவருக்குச் சாயந்திரங்களில் தான் கடந்து போன அந்த நாற்காலி நினைவுக்கு வந்தது. பகலில் அது காலியாக இருந்திருக்கிறது. தினமும். அது அவருக்குத் தெரியாது.

இதற்குள் வட்டம் சூடுபிடித்துவிட்டது. ஒருவன், "இது தனிப்பட்ட விஷயம் இல்ல, இது அதிகாரம். அந்த மருமகன் தன்னோட அதிகாரத்தால ஒரு குரலை இல்லாம ஆக்கறாரு" என்றான். இன்னொருவன், "இதையே வீதி நாடகமாப் போடலாம். மருமகன் வேஷம் எனக்குக் குடுங்க" என்றான். அவன் எழுந்து, காதில் கையை வைத்து, வேகமாக நடந்துகொண்டே "சாப்டீங்களா மாமா" என்று நடித்தும் காட்டினான். நன்றாகவே நடித்தான்.

"அவர் பக்கத்தையும் பாக்கணும் இல்லையா" என்றார் வட்டம் சார் மெதுவாக. "வேலை அதிகமா இருந்திருக்கலாம்."

கண்ணாடிப் பெண் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். "சார், நசுக்கறவனுக்குச் சாக்கு தேடிக் குடுக்காதீங்கன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

வாழ்க்கையில் முதல்முறையாக வட்டம் சார், முடிவுரை சொல்லாமல் எழுந்தார். நேரே கேரம் நடந்த கூடத்துக்குப் போனார். என்ன ஆச்சு என்று தெரியாமல் பிள்ளைகள் பின்னாலேயே போனார்கள்.

மாமனார் கேரம் பலகைக்கு முன்னால், நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு, ஸ்டிரைக்கரைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். மருமகன். மருமகனுக்குப் பின்னால் கதவு நிறைய மாணவர்கள். அந்தக் கண்ணாடிப் பெண். அடைபட்டவர்களை வெளியே எடுத்தே பழகிய மனிதர்; ஒரே பார்வையில் நிலவரம் புரிந்துவிட்டது.

"வாங்க சார்" என்றார், முன்பின் தெரியாதவரை வரவேற்கிற மாதிரி. "காலேஜ்லேர்ந்து வந்திருக்கீங்களா? உக்காருங்க."

வழி திறந்துவிட்டது. "வணக்கம் ஐயா" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினால் முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. வட்டம் சாரின் கைகள் நிஜமாகவே கும்பிடப் பாதிவரை உயர்ந்துவிட்டன. மாமனார் தன்னை 'சார்' என்றது மட்டும் உறுத்தியது. வீட்டில் ஒருநாளும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. இங்கே கூப்பிட அவருக்குக் கொஞ்சம்கூடக் கஷ்டமாக இல்லையே.

கையைக் கீழே போட்டார். பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"இவர் என் மாமனார்" என்றார்.

கண்ணாடிப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். நாடகக்காரன் முன்னால் நின்றவனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"ஆமா, ஆமா" என்றார் மாமனார் சாவகாசமாக. "ஆனா பாப்பா, நான் உங்கிட்ட சொன்னது மூத்த மாப்பிள்ளைய. இவர் சின்னவர். தங்கமானவர்." சொல்லிவிட்டுக் குனிந்து, இடம் சரியாக இருந்த ஒரு காயை விரலால் இன்னும் கொஞ்சம் சரியான இடத்துக்கு நகர்த்தினார். எதிராளி கத்த ஆரம்பித்ததில் பேச்சு அதோடு திசைமாறியது.

அவருக்கு ஒரே மகள். மூத்த மாப்பிள்ளை என்று உலகத்தில் ஒருவரும் இல்லை.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு, போட்டி முடியும்வரை வட்டம் சார் சுவரோரம் காத்திருந்தார். இருவரும் நடந்தே வீட்டுக்குக் கிளம்பினார்கள். டிப்போ சுவர் முடிகிற இடத்தில் வட்டம் சார் நடையை மெதுவாக்கினார்.

"மாமா, ஏதாவது சொல்லுங்க" என்றார்.

மாமனார் கொஞ்சம் சந்தேகமாகத்தான் ஆரம்பித்தார். ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளைப் பையன் லிஃப்டில் மாட்டிக்கொண்டான். முதலில் "சீக்கிரம் எடுங்கண்ணே, சீக்கிரம் எடுங்கண்ணே" என்று அலறினானாம். இவர் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க, கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் தணிந்து, "அண்ணே, ஒண்ணும் அவசரம் இல்ல, மெதுவாவே செய்யுங்க" என்றானாம். வட்டம் சார் இதைப் பயிற்சியில் சொன்னபடியே கேட்டார்: உடம்பை முன்னால் சாய்த்து, கண்ணையே பார்த்து, இடையில் பேசாமல், தலையை ஆட்டி ஆட்டி.

மாமனார் நின்றுவிட்டார். "என்ன மாப்பிள்ளை, கழுத்து வலியா?"

"இல்ல மாமா, கேக்கறேன்."

"சும்மா கேளுங்க. நடந்துகிட்டே கேட்டாலும் காது கேக்கும்."

இரவு மனைவியிடம், "அப்பா தினமும் அங்க போறது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாம என்ன? நான்தானே சேத்து விட்டேன். உங்ககிட்டயும் சொன்னேனே."

"எங்கிட்டயா? நான் என்ன சொன்னேன்?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அடியோடு மாறிவிட்டார் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அடுத்த பருவத்தில் சாலை சரியானதும் மலைக்குப் போனார். டிரைவரையும் உட்கார வைத்தார். ஆனால் வீட்டில் இருக்கிற நாட்களில் மாமாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். அதிலும் நடுநடுவே போனை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். அப்போது மாமனார் மகளைப் பார்த்து, "மூத்த மாப்பிள்ளை வந்துட்டார் போலிருக்கே, அவருக்கும் ஒரு தட்டு வை" என்பார். அவர் சத்தமில்லாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்காருவார்.

இத்தனையும் படித்துவிட்டு, நாம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை, யாரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு எங்கும் போனதில்லை, நமக்கும் இந்த இனத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நிம்மதியாகப் புன்னகைக்கிறீர்கள். சரி, புன்னகையுங்கள். நடுவில் பக்கத்து அறையிலிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள். கண்ணை எடுக்காமலே "இதோ வர்றேன்" என்றீர்கள். அவர்கள் மறுபடி கூப்பிடவில்லை, கவனித்தீர்களா?