அசையாத சராசரி

எர்ணாவூரில் ரமாபாய் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் விருந்தாளியாக வந்து அன்றோடு மூன்றாம் நாள். கட்டில்மேல் கிரைண்டர், கிரைண்டர்மேல் அரிசி டின் என்று குடித்தனம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. இறைப்பதற்கு மோட்டார் வேண்டும். அதை அனுப்பும் அதிகாரம் வெள்ளத் தரவு ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்கு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

அதிகாரி லோகநாதன் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பூரித்துப்போய்ச் சொன்னார்: "உங்க ஏரியா ரொம்ப சீரா இருக்கும்மா. மூணு நாளா அரை இஞ்ச்கூட அசையல."

"கணுக்காலுக்கு இருந்தது முட்டிக்கு வந்துகீது சார். இன்னா சீரு?"

அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு துறையின் கம்ப்யூட்டர் தண்ணீரைச் சாலையிலிருந்து மேலே அளக்கிறது. இன்னொரு துறையுடையது பாலத்தின் அடியிலிருந்து கீழே, தண்ணீர்வரை அளக்கிறது. தண்ணீர் ஏறினால் முதல் எண் ஏறும். இரண்டாவது அதே அளவு இறங்கும். மாண்புமிகு மேலிடத்தின் ஆணைப்படி இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால், ஊரே முழுகினாலும் சராசரி அசையாது.

"போன வருஷம்வரைக்கும் இதுங்க ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசாதும்மா. நாங்கதான் பேச வெச்சோம்."

"பேசுறது சரி. ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குப் புரியுதா?"

"புரியறது அடுத்த கட்டத் திட்டம்."

ரமாபாய் நாற்காலியை விட்டு எழுவதாக இல்லை. லோகநாதன் இறங்கிவந்தார்: தெருக்காரர்கள் ஒரே இடத்தில் அளந்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். ஓரடிக்கு மேலிருந்தால் இன்றே மோட்டார்.

தெருவில் அளந்தார்கள். ஒன்றரை அடி. ரமாபாய் பேனாவைத் திறந்தாள்.

"இந்தக் கணக்கு எங்க போவும்?" என்றாள் எதிர்வீட்டு ஜானட்.

"மேப்ல. தண்ணி நிக்கிற எடம்னு நம்ம தெரு சிவப்பாத் தெரியுமாம். யார் வேணா போன்ல பாக்கலாம்."

"சிவப்பா? அப்பால என் மாடிக்கு யாருக்கா குடிவருவா?"

"நான் வூட்ட விக்கப் பேசிக்கினுகீறேன்," என்றாள் பக்கத்துவீட்டு மங்கம்மா. "கெடுத்துடாதீங்கம்மா."

சுயநலக் கூட்டம் என்று சொல்ல ரமாபாய் வாயெடுத்தாள். மகள் மதிக்குப் பெரம்பூர் வரன் ஒன்று கூடிவரும் நேரம். அந்த வீட்டார் கத்தரிக்காய் வாங்கக்கூடப் போனைப் பார்க்கிறவர்கள். எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு, முட்டித்தண்ணீரில் நின்றபடி, முத்து முத்தான கையெழுத்தில் எழுதினாள்: 'எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கும் வழக்கமே இல்லை.'

தாள் நனைந்துவிடாமல் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, தெருவே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது.