தோற்கிற டீமும் அக்காவின் கல்யாணப் பேச்சும்

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், அந்த வீட்டில் வாயாடித் தம்பி ஒருவன் இருந்தால், அன்றைக்கு அவனை மாதவரத்துக்குப் பால் வாங்க அனுப்பிவிடுவது உத்தமம். பஸ் கிடைக்காத நேரமாகப் பார்த்து அனுப்பினால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் அப்படிச் செய்யவில்லை. என்னை ஹாலில், ஃபேனுக்குக் கீழே, மாப்பிள்ளைக்கு நேர் எதிரே உட்கார வைத்தார்கள்.

அக்கா ரோசிக்கு வந்த வரன் அது. அக்கா அப்போது திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளை ஜோசப், காசிமேட்டில் படகு எஞ்சின் சாமான் கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன். அமெரிக்காவில் இன்ஜினியர். ஆகஸ்ட் மாதம் லீவில் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அவருடைய அம்மா ஸ்டெல்லா ஆன்ட்டி, சர்ச் வாசலில் வைத்தே என் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"புள்ள தங்கம்மா. ஒரே பேஜாரு, வாயத் தொறக்க மாட்டான். ஃபுட்பால்னா மட்டும் பேசுவான்."

அம்மாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "எம்புள்ள ஃபுட்பால்லதான் கீறான்! அவன் பேச வெப்பான்."

நான் எங்கள் ஏரியா கிளப்பில் லெஃப்ட் பேக். (லெஃப்ட் பேக் என்றால் பெரும்பாலான மேட்ச்களில் பெஞ்ச்.) ஜோசப்புக்குப் பிடித்தது அந்த ஃபுட்பால் இல்லை என்பது முந்தின நாள்தான் தெரிந்தது. "ஹெல்மெட் மாட்டிக்கினு, பந்தைக் கையால தூக்கினு ஓடுவாங்களே, அது" என்றார் ஸ்டெல்லா ஆன்ட்டி போனில். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு ஒதுங்கியிருப்பார்கள். நான், "பந்துன்னா எல்லாம் ஒண்ணுதான் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, அவருடைய ஊர் டீமின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இணையத்தில் தேடியதும் ஒரு கட்டுரை கிடைத்தது. வரப்போகும் சீசனில் அந்த டீம் எப்படி ஆடும், யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று அக்குவேறு ஆணிவேறாக எழுதியிருந்தார்கள். கடலோரக் கருங்கல் தடுப்பில் உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூடப் பாடத்தைக்கூட அவ்வளவு சிரத்தையாகப் படித்ததில்லை. அந்தக் கட்டுரை எந்த வருடத்தில் எழுதப்பட்டது என்பதைத்தான் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை வந்தார்கள். கேக்கும் மிக்சரும் டீயும் வைத்தாகிவிட்டது. அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டிய கதையை ஒருமுறை சொல்லி முடித்து, பேச ஒன்றுமில்லாமல் அதையே மறுபடி ஆரம்பித்திருந்தார். ஜோசப் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளறைத் திரைக்குப் பின்னால் அக்கா. அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

"உங்க டீம்ல பிராக்டிஸ் மேட்ச்லாம் ஆரம்பிச்சிட்டாங்களாண்ணா?" என்றேன்.

அந்த மனிதரின் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. "நீங்க பார்ப்பீங்களா டேவிட்? இந்த சீசன் எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "பந்து வீசுறாரே, குவார்ட்டர்பேக், அவரு தோள்பட்டை மட்டும் சரியாயிடுச்சின்னா, நம்மளப் புடிக்க ஆளே கெடையாதுண்ணா."

"அவர் ரிட்டயர் ஆயிட்டாரே."

"தெரியும்ணா. இருந்திருந்தா, அதைச் சொல்றேன்."

"இப்போ டிவியில கமென்ட்ரி சொல்றார். தோள்பட்டை நல்லாத்தான் இருக்கு."

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. நான் அடுத்த பாராவுக்குத் தாவினேன். "இன்னா இருந்தாலும் கோச்சை மாத்தணும்ணா."

"மாத்தியாச்சு. மாத்தி வந்தவரையும் மாத்தியாச்சு."

இப்போது அக்கா வெளிப்படையாகவே சிரித்தாள். ஜோசப்பும் சிரித்தார். கோபமே இல்லை அவருக்கு. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவராகவே சொல்லத் தொடங்கினார். அது நம் எண்ணூர் மாதிரி ஒரு ஊராம். புகைக்கூண்டு, சரக்கு ரயில், ஏரிக்கரையில் கப்பல். முதல் வருடம் பனியில் வெளியே போகவே பயந்து ரூமுக்குள் கிடந்தவரை, கூட வேலை செய்தவர்கள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மைதானத்தில் உட்கார வைத்தார்களாம். அன்றைக்கு டீம் தோற்றது. அடுத்த வாரமும் தோற்றது. ஆனாலும் ஊரே வந்து உட்கார்ந்திருந்தது.

"நம்ம டீம் ஆகஸ்ட்ல நல்லாத்தான் ஆடும் டேவிட்," என்றார். "பிராக்டிஸ் மேட்ச்தானே. செப்டம்பர்ல நிஜ ஆட்டம் தொடங்கினதும்தான் தெரியும். இந்த வருஷம் லைன்ல நிக்கிற பசங்க புதுசு. பந்து வீசுறவனை அடி விழாம காப்பாத்துறதுதான் அவங்க வேலை. அவங்க நின்னாங்கன்னா போதும், எனக்கு நம்பிக்கை இருக்கு."

திரை லேசாக விலகியிருந்தது. அக்கா முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கேயே நான் எழுந்து போய் மிக்சர் எடுத்து வந்திருக்கலாம். என் அக்கா சிரிக்கிறாள், மாப்பிள்ளை பேசுகிறார், வந்த காரியம் முடிந்துவிட்டது. ஆனால் எனக்கு மானம் போய்விட்டதே! எல்லோர் முன்னாலும் அசடு வழிந்தவன், ஒரு அடியாவது திருப்பி அடிக்க வேண்டாமா?

"எல்லாம் சரிண்ணா. இத்தினி வருஷமா தோத்துக்கினே கீற டீமுக்கு எதுக்கு டிக்கெட் வாங்கறீங்க? ஜெயிக்கிற டீமாப் பாத்து மாறிட வேண்டியதுதானே?"

"அப்படி மாற முடியுமா?"

"ஏன் முடியாது? எங்க வூட்ல யாரும் தோக்கற பக்கம் நிக்கவே மாட்டோம்ணா. அப்பாவைக் கேட்டுப் பாருங்க."

பேச்சையே கவனிக்காத அப்பா, தன் பெயர் வந்ததும் கம்பீரமாகத் தலையாட்டினார்.

ஜோசப் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஏதோ கேட்க வந்தவர் போல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். திரைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. நான் அதை என் வெற்றியாக எடுத்துக்கொண்டு கேக்கில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்துத் தின்றேன்.

அந்த வாரமே ஸ்டெல்லா ஆன்ட்டி போன் செய்தார். பையன் இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்கிறானாம். அம்மா அக்காவின் நிறத்தைக் காரணம் சொன்னாள், அப்பா ஜாதகம் பார்க்காத குறை என்றார். (கிறிஸ்தவர் வீட்டில்!) யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் விஷயம் தெரிந்தது. காசிமேட்டில் மீன் வாங்கப் போன அம்மா, ஸ்டெல்லா ஆன்ட்டியைப் பார்த்துவிட்டு, வஞ்சிரத்தோடும் வாடிய முகத்தோடும் திரும்பி வந்தாள்.

"அந்தப் புள்ளைக்கு அங்க வேலை பூட்ச்சாம்டா. இங்க வர்றதுக்கு முன்னாடியே. பொண்ணு கைல நேரா சொல்லிட்டு, அப்பால இஷ்டம் இருந்தா பண்ணிக்கலாம்னுதான் வந்துச்சாம்."

"அப்புறம் ஏன் சொல்லல?" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "'அவங்க வூட்ல தோக்கறவன் பக்கம் நிக்க மாட்டாங்களாம்மா, நான் எப்டி சொல்றது'ன்னு அவங்கம்மா கைல சொல்லி அளுதுச்சாம்."

அக்கா அருவாமனையில் மீன் வெட்ட உட்கார்ந்திருந்தாள். கை நின்றது. நான் திட்டுக்குத் தயாரானேன். செவுளைப் பிய்த்து ஓரமாகப் போட்டபடி, தலை நிமிராமல் சொன்னாள்: "நான் நின்னிருப்பேன்டா."

அதற்கு அவள் என்னை அந்த அருவாமனையால் அடித்திருக்கலாம். 'அவர் நம்பரை வாங்கித் தரவா?' என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். வெட்கத்தில் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். கேட்கப் போனபோது, அவருக்கு அங்கே வேறு வேலை கிடைத்து, கிளம்பும் முன் பெண்ணும் நிச்சயமாகிவிட்டதாக ஸ்டெல்லா ஆன்ட்டி ஸ்வீட் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அக்காவுக்கும் கல்யாணம் ஆயிற்று. கொடுங்கையூரில் புது ஃப்ளாட், நல்ல மனிதர், ஒரு பெண் குழந்தை. குறை ஒன்றும் இல்லை. விஷயம் மட்டும் குடும்பம் முழுக்கப் பரவி, மன்னிக்கப்பட்டு, ஜோக்காகிவிட்டது. போன மாதம் அக்கா மகள் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் பேர் கொடுத்துவிட்டு, "மாமா, நான் ஜெயிப்பேனா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பா பதறி வந்து, "அவர் கைல கேக்காதம்மா! உங்க மாமா சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆளை ஊருக்கு அனுப்பிடுவாரு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள்.

நான் இப்போது அந்த டீமின் ரசிகன். விடிகாலையில் எழுந்து, போனில் அவர்கள் தோற்பதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறேன். திருவொற்றியூரில் இப்படி ஒரு பைத்தியம் நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். லைனில் நிற்கிற பையன்களின் பெயர், யாருக்கு முழங்கால் வலி, எல்லாம் அத்துப்படி.

போன மாதம், அந்த ஓட்டப்பந்தய ஜோக் நடந்த அன்று, எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே கேட்டாள்.

"இந்த வருஷம் அந்த டீமு எப்டிடா கீது?"

ஒரு மணி நேரம் பேசுகிற அளவுக்கு என்னிடம் விஷயம் இருந்தது.

"தெரிலக்கா" என்றேன்.