உறவில்லாத ஒரே நடுவர்

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் ஆண்ட்ரூவுக்கு,

ராயபுரத்திலிருந்து ஹென்றி எழுதுவது. மாதாவின் தயவால் நாங்கள் எல்லோரும் நலம், கேரம் சங்கம் மட்டும் நலமில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய் என்பதால் கடிதம்.

உன் மகள் சில்வியா இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டாள். இதில் ஜெயித்தால்தான் மாநிலப் போட்டி, அங்கே போனால்தான் ரயில்வே வேலைக்கு வழி. கடைசிக் காயைப் போட்டாள், பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் குழிக்குள் விழுந்தது. அது தானாக விழுந்திருந்தால் ஃபவுல், ஜெயித்தது செல்லாது. தானாக விழுந்ததா, எதிரே ஆடிய செங்கொடியின் கை பட்டு விழுந்ததா என்று தகராறு. விஷயம் எங்கள் நடுவர் மன்றத்துக்கு வந்தது. உறவுக்காரர் ஆட்டம் என்றால் நடுவர் எழுந்து போய்விட வேண்டும் என்பது சட்டம். நான் தாய்மாமன், எழுந்தேன். சுடலைராஜ் செங்கொடிக்குச் சித்தப்பா, எழுந்தார். பக்ருதீன் யாருக்கும் உறவில்லை, ஆனால் வருஷா வருஷம் செங்கொடிக்கு நோன்புக் கஞ்சி கொடுத்த பாசத்தில் அவரும் எழுந்துவிட்டார். மிஞ்சியது டோல்கேட் கோதண்டம். "இன்னாபா, என்னிய மட்டும் குந்த வச்சிட்டு அல்லாரும் கெளம்பிட்டீங்கோ?" என்றார். பாவம், தனியாக உட்கார்ந்து சில்வியா பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

செங்கொடி வீட்டார் மேல்முறையீடு செய்தார்கள். எழுந்து போனவர்களே மேல்முறையீட்டுக் குழு என்று சட்டத்தில் இருக்கிறது. எழுதியது நான்தான், ஏன் எழுதினேன் என்று இப்போது புரியவில்லை. உட்கார்ந்தோம், உறவாச்சே என்று மறுபடி எழுந்தோம், வழக்கு திரும்பவும் கோதண்டத்திடமே போனது. அவர் தன் தீர்ப்பைத் தானே கொஞ்ச நேரம் கண்டித்துவிட்டு, அதுவே சரி என்று முடித்தார். எது மேல், எது கீழ் என்று எனக்குத் தலை சுற்றுகிறது. ஆனாலும் யாருக்கும் உறவில்லாத மனிதர் சொன்ன தீர்ப்பு, ஒருவரும் வாய் திறக்க முடியாது. சில்வியா மாநிலப் போட்டிக்குப் போகிறாள். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆண்டவர் உனக்கு நல்ல உடம்பையும் நிறைய பொறுமையையும் தரட்டும்.

இப்படிக்கு,
ஹென்றி

பி.கு: உறையை ஒட்டும்போது சில்வியா வந்தாள். "மாமா, ரூலுன்னா ரூலுதான். கோதண்டம் எனக்கு மாமனாரு. அவரு பையன் தீனாவும் நானும் போன மாசமே ரிஜிஸ்டர் பண்ணிகினோம். அவருக்கே இன்னும் தெரியாது. அவரு தீர்ப்புல ஜெயிச்சி நான் போ மாட்டேன்" என்றாள். ஆகவே தீர்ப்பு செல்லாது, கல்யாணம் செல்லும். ஞாயிற்றுக்கிழமை மறு ஆட்டம். நீ ஓடி வந்து யாரையும் அடித்துவிடாதே மச்சான். அதை விசாரிக்க, எழுந்து போகாமல் உட்காரும் நடுவர் இங்கே ஒருவரும் மிச்சமில்லை.