அத்தையின் குரலும் தேய்ந்த ஊசியும்

எனக்குப் பேய் பயம் கிடையாது என்று நான் எங்காவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டப்பகலில், வேங்கிக்கால் வீட்டு ஹாலில், ரெக்கார்ட் பிளேயர் முன்னால் நான் கைகூப்பி நடுங்கியதை என் மாமனார் கண்ணால் பார்த்திருக்கிறார்.

மாமியார் இளவயதில் பாடிய ஒரே பக்திப் பாட்டு இசைத்தட்டாக வந்திருந்தது. எங்களிடம் இருப்பதும் ஒரே தட்டு. அவர் இறந்த பிறகு மாமனார் தினமும் மதியம் அதைப் போட்டுக் கேட்பார். அவருக்கு மிச்சமிருந்தது அந்தக் குரல்தான்.

திடீரென்று அது மாற ஆரம்பித்தது. 'ஈசனே' என்று அத்தை குழையும் இடத்தில் 'ஈஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். அடுத்த வாரம் கரகரப்பும் சேர்ந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போல. வீட்டில் யாருமில்லாதபோது அந்த இடத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன். மறுபடி போட்டேன். இன்னும் ஒரு பத்து தடவை போட்டேன். ஒவ்வொரு தடவையும் அத்தை குரலில் கோபம் கூடிக்கொண்டே போனது. கொளுத்தும் வெயிலில் எனக்கு முதுகு சில்லிட்டது.

(காரணம் இருந்தது. அத்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருக்காகக் கிரிவலம் நடப்பதாகச் சத்தியம் செய்திருந்தேன். அடி அண்ணாமலையில் கால் வலிக்கவே ஆட்டோ ஏறிவிட்டு, முழுக்க நடந்ததாக அவரிடம் புளுகினேன்.)

"அத்தை, மன்னிச்சிடுங்க! பாதி தூரம் ஆட்டோல வந்துட்டேன்!" என்று தட்டைப் பார்த்துக் கதறினேன்.

பின்னால் ஒரு செருமல். மாமனார்.

"மாப்ள, யார்கிட்ட பேசறீங்க?"

மறுநாளே வெறுங்காலில் பதினாலு கிலோமீட்டரும் நடந்தேன். கொப்புளத்தோடு வந்து தட்டைப் போட்டால், சீறல் ஜாஸ்தியாகத்தான் ஆகியிருந்தது.

மாமனார் பிளேயரைத் தூக்கிக்கொண்டு டவுனில் ரேடியோ ரிப்பேர் செய்யும் பாயிடம் என்னை இழுத்துப் போனார். பாய் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இந்த ஊசி எத்தினி வருசமா இருக்குது?"

"வாங்கினதுலருந்து அதேதான். வைர ஊசியாச்சே, தேயுமா பாய்?" என்றார் மாமனார்.

"தேயுங்க. 'ச' வர்ற எடத்துல சீற ஆரம்பிச்சப்பவே மாத்தியிருக்கணும். தேஞ்ச ஊசி தட்டைச் சுரண்டிடும். யாராச்சும் ஒரே எடத்தத் திரும்பத் திரும்பப் போட்டாங்களா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பயத்தில் போட்டுப் போட்டு அத்தையின் குரலைச் சுரண்டித் தள்ளியவன் நான்தான்.

புது ஊசியில் பாட்டு தெளிவாகத் திரும்பி வந்தது, அந்த ஒரு வரியைத் தவிர. அது போனது போனதுதான். மாமனார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இப்போதெல்லாம் அந்த இடம் வந்ததும் ஊசியைத் தூக்கிவிட்டு, அந்த வரியைத் தானே பாடுகிறார். சுருதியாவது தாளமாவது!

"அப்பா, இதுக்கு அம்மா சீறினதே தேவலாம்" என்று என் மனைவி தினமும் கிண்டல் செய்கிறாள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. பாடி முடித்து, ஊசியை மெல்ல இறக்குகிறார். அடுத்த வரியை அத்தை எடுக்கிறார்.