மீசைக்கு முன், மீசைக்குப் பின்

இரண்டு கைகள் தாள்கட்டை நாலு பக்கமும் தரையில் தட்டிச் சீராக்குகின்றன. இரண்டு பலகைக்கு நடுவே அதை வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி, முதுகுப் பக்கம் குத்தூசியால் துளை போடுகின்றன. மெழுகு தேய்த்த நூல் உள்ளே போய் வெளியே வருகிறது. பக்கத்தில் மைதாப் பசை ஆறிக்கொண்டிருக்கிறது. பூச்சி அரிக்காமலிருக்க அதில் துத்தம் கலந்தாயிற்று. நிதானமான, தேர்ந்த கைகள். இவற்றுக்குச் சொந்தக்காரர் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இருக்க மாட்டார். ஏனென்றால் அவர் ஆதி ரசிகர்.

ஆதி ரசிகரைச் சாதாரண ரசிகரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சாதாரண ரசிகர் பிடித்தால் இருப்பார், பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவார். ஆதி ரசிகர் பிடிக்காததினாலேயே தங்கிவிடுகிறவர். கோயில் கொடை விழாவில் மெல்லிசைக் கச்சேரிக்கு முதல் ஆளாக வந்து பாய் விரித்து உட்கார்ந்து, விடியும்வரை ஒரு பாட்டு விடாமல் கேட்டு, கடைசி ஆளாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு, ‘இதெல்லாம் ஒரு கச்சேரியா’ என்று போகிறவரைப் பார்த்திருப்பீர்களே? அதே இனம்.

நம் கையில் அகப்பட்டிருப்பவர் திருநெல்வேலி டவுன் தாணுமாலையன். சர்க்கார் அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். அது பிழைப்புக்கு. வாழ்வு, ‘மாலுமி மார்த்தாண்டன்’ என்ற மாதாந்தரப் படக்கதைப் புத்தகம். மார்த்தாண்டனுக்கு அடர்ந்த மீசை, மரக்கப்பல், ஒற்றைக்கண் சமையல்காரன் பக்கிரி. எத்தனை சுறா சூழ்ந்தாலும் மார்த்தாண்டன் சிரிக்க மாட்டான். இடது புருவத்தை மட்டும் உயர்த்துவான். அந்தப் புருவத்தைப் பார்த்துக்கொண்டே தாணுமாலையன் பள்ளிக்கூடம் முடித்தார், வேலைக்குப் போனார், கோமுவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

பிறகு ஒரு மாதம் ஓவியர் மாறினார். மீசை போயிற்று. அடுத்தாற்போல் கப்பலில் கம்ப்யூட்டர் ஏறியது. பக்கிரியைச் சுறா தின்றது. அதோடு விட்டார்களா? மார்த்தாண்டன் சிரித்துவிட்டான். பல் தெரிய. கி.மு., கி.பி. என்று உலகத்துக்கு இருப்பதைப்போல, அன்றிலிருந்து தாணுமாலையனுக்குக் காலம் மீசைக்கு முன், மீசைக்குப் பின் என்று இரண்டாகப் பிளந்தது.

வாகையடி முக்கு டீக்கடையில், நாலு பேர் கேட்க, இனி அந்தப் புத்தகத்தைக் கையால் தொடமாட்டேன் என்று அவர் சபதம் செய்தார். மூன்று பேர் தலையாட்டினார்கள். நாலாவது ஆள் ஜங்ஷனில் கடிகாரம் பழுது பார்க்கும் அசன் முகம்மது. தாணுமாலையனோடு ஒரே பெஞ்சில் படித்தவர். முதல் இதழை இருவரும் ஒரே பிரதியில், ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு வாசித்தவர்கள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே பைய, “மீசை இல்லாமயும் நல்லாத்தான வே இருக்கான்” என்றார்.

அன்றோடு பேச்சு நின்றது. வரப்புத் தகராறாக இருக்கும் என்று இரண்டு வீட்டு உறவினர்களும் நினைத்தார்கள். இருவருக்கும் ஒரு குழி நிலம் கிடையாது.

தொடாத புத்தகத்தைப் பற்றித் தாணுமாலையன் பேசாதிருந்தாரா? அதைத் தவிர வேறு பேசவில்லை. போன மாதக் கதையில் நங்கூரம் இடப்பக்கம் இறங்கி வலப்பக்கம் ஏறியதையும், மார்த்தாண்டனின் பெல்ட்டுக்குப் பக்கம் மாறும்போதெல்லாம் நிறம் மாறியதையும், வில்லனுக்கு ஒரு படத்தில் ஆறு விரல் இருந்ததையும் அடுக்கிக்கொண்டே போவார். “நீரு வாசிக்கதில்லன்னு சொன்னீரே?” என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். “கேள்விப்பட்டேன் வே.”

எங்கே கேள்விப்பட்டார்? அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில். மாதம் பிறந்ததும் அவருக்கு அம்பையில் ஏதாவது அலுவல் முளைத்துவிடும். அங்கே அவர் முகமும் தெரியாது, சபதமும் தெரியாது. வாங்கிய புத்தகத்தைச் செய்தித்தாளுக்குள் மறைத்து, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, பஸ் வீரவநல்லூர் வருவதற்குள் ஒரு முறையும், பத்தமடையைத் தாண்டுவதற்குள் குற்றம் கண்டுபிடிக்க இன்னொரு முறையும் படிப்பார். வீட்டுக்கு வந்ததும் அது பரணில், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் போகும். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காய் எடுப்பதாக ஏணி போட்டு ஏறி, தேங்காயே இல்லாமல் வெகுநேரம் கழித்து இறங்குவார். வெறுப்பு என்றால் சும்மாவா? அதற்கு உழைப்பு வேண்டாமா?

இப்படி இருக்கும்போதுதான் தொண்ணூற்றிரண்டு ஐப்பசிக் கடைசியில் ஆற்றில் வெள்ளம் வந்து, மீனாட்சிபுரத்தில் அசன் முகம்மதுவின் வீட்டுக்குள்ளும் ஜங்ஷன் கடைக்குள்ளும் புகுந்தது. வீட்டில் எல்லாரும் எதிர்மாடியில் பத்திரமாக இருக்கிறார்கள் என்று தாணுமாலையனுக்குச் சேதி வந்தது. அவர் மனத்தில் அடுத்து எழுந்த கேள்வி, ‘கட்டிலுக்கு அடியில் மார்த்தாண்டன் இதழ்கள் இருந்த டிரங்குப் பெட்டி?’ வெட்கமில்லாத இனம் என்று முதலிலேயே சொல்ல மறந்துவிட்டேன்.

தண்ணீர் வடிந்ததும் போனார். சேறு வழித்த கடையில் உட்கார்ந்து, களிமண்போல் ஒட்டிக்கிடந்த தாள்கட்டியிலிருந்து ஒரு பக்கத்தைக் கடிகாரச் சாமணத்தால் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார் அசன் முகம்மது.

“எல்லாம் போச்சா வே?”

“நசீபு. விடும்.”

மீசைக்கு முந்திய இதழ்களில் தன்னிடம் இரண்டிரண்டு பிரதி இருப்பதாகவும், ஒரு வரிசையை அப்படியே தந்துவிடுவதாகவும் தாணுமாலையன் பெருந்தன்மையோடு அறிவித்தார். அசன் முகம்மது வேண்டாமென்று தலையசைத்தார்.

“அதெல்லாம் எனக்கு மனப்பாடம் வே. கண்ண மூடிக்கிட்டுப் படம் படமாச் சொல்லுவேன். பின்னால வந்ததத்தான் ஒருதரங்கூட ஒழுங்கா வாசிக்கல. அது கெடச்சாத் தேவல. உம்மகிட்ட எங்கன இருக்கப்போவுது.”

குத்தலே இல்லாமல் சொன்னார். அதுதான் குத்தியது. இல்லை என்றால் சபதம் பிழைக்கும், நண்பன் வெறுங்கையோடு இருப்பான். இருக்கிறது என்றால் வாகையடி முக்கில் இனி டீ குடிக்க முடியாது. போதாததற்கு, அவற்றில் அவரிடம் இருந்தது ஒவ்வொரு பிரதிதான். ஆசையாகச் சேர்த்ததைக்கூடக் கொடுத்துவிடலாம். திட்டுவதற்காகச் சேர்த்ததைக் கொடுத்துவிட்டு எதைப் பார்த்துத் திட்டுவது?

“முக்கூடல்ல ஒருத்தரு வச்சிருக்காருன்னு கேள்வி. கேட்டுப் பாக்கேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அப்படித்தான் அந்தக் கைகள் வேலைக்கு வந்தன. பைண்டிங் கடையில் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்துப் பார்த்தவர்தான், ஓரம் வெட்டுகிறேன் என்று கடைக்காரன் மார்த்தாண்டனின் தொப்பி நுனியை வெட்டிவிட்டான். அதன் பிறகு பழைய புத்தகங்களை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். ஆனால் இந்தக் கட்டு மட்டும் பலகைக்கு நடுவே நிமிர்ந்து நிற்க மறுத்தது. மீசைக்குப் பின், நேற்று வந்த தாள் இப்படித் துவளலாமா? கைகள் கவனித்தன. வாய் ஒன்றும் சொல்லவில்லை.

பசைக் கிண்ணத்தை எடுத்துப்போக வந்த கோமுவிடம், யாராவது கேட்டால் முக்கூடல்காரர் கொடுத்தது என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

“சரி. அந்த முக்கூடல்காரரு இத்தன வருசமா நம்ம பரண்ல வாடகை இல்லாம இருந்திருக்காரே, அதையும் சொல்லிரவா?” என்று கேட்டுவிட்டுப் போனாள் அவள்.

காலிகோ துணி ஒட்டிய முதுகு காய்ந்ததும் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனார். அசன் முகம்மது மறுமுனையைப் பிடித்தார். தாணுமாலையன் இந்த முனையை விடவில்லை. முதல் இதழை வாசித்தபோது பிடித்திருந்ததுபோலவே, ஆளுக்கொரு பக்கம். அசன் முகம்மதுவின் கட்டைவிரல், மயிரிழை ஸ்பிரிங்கைத் தொட்டே கோளாறு சொல்லும் விரல், தாளின் மூலைகளைத் தடவிப் பார்த்தது. ஒவ்வொரு மூலையும் பழைய வேட்டிபோல் நைந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய்க் கைத் தடம்.

“முக்கூடல்காரரு ரொம்ப ரசிச்சு வாசிச்சிருக்காரு வே.”

“சேச்சே. வரவர மோசம்ங்காரு.”

“அந்தச் சிரிப்பு?”

“அதச் சொல்லாதீரும். வயிறெரிஞ்சு போறாரு.”

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். எதையோ விட்டு எத்தனையோ காலமாயிற்று என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், நானும் நம்புகிறேன். இருந்தாலும் இன்று வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அதன் மூலையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

“அடுத்த மாசத்தையும் வாங்குவாராமா?” என்று அசன் முகம்மது கேட்டார்.

“வாங்குவாரு” என்றார் தாணுமாலையன். “இனிமே ரெண்டு பிரதியா வாங்குவாரு.”

அதைச் சொன்ன பிறகுதான் பிடியை விட்டார்.