நான் விட்ட ஆடும் விடாத தென்னையும்

நீர்வேலியில் கல்லுத் தரையை உடைத்து வாழைத்தோட்டம் வைத்தவன் நான். போரில் இடம்பெயர்ந்து திரும்பியபோது கூரையில்லாமல் நின்ற வீட்டை மாடிவீடாக்கியவன் நான். கொடிகாமம் சந்தைக்குச் சொந்த லொறியில் குலை ஏற்றியவனும் நான்தான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. இவ்வளவும் செய்தவனுக்கு ஒரு கொலஸ்ட்ரோலைக் குறைக்கத் தெரியாதா?

என் தம்பி தோட்டத்துக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன், எழும்பவில்லை. அந்தப் பயத்தில்தான் (வெளியில் காட்டவில்லை) இரத்தம் சோதித்தேன். எனக்கும் மனைவி பரமேசுக்கும் கொலஸ்ட்ரோல் கூடியிருந்தது. என் மகள் வயதுடைய டொக்டர் பிள்ளை குளிசை எழுதப் பேனையை எடுத்தா.

"பொறுங்கோ பிள்ளை. சாப்பாட்டாலை குறைச்சுக் காட்டிறன்."

"சரி ஐயா, மூண்டு மாதம். இறைச்சிக்குப் பதிலாப் பயறு, கடலை, பருப்பு, சோயா சாப்பிடுங்கோ. குறையாட்டி குளிசைதான்."

வீட்டில் சட்டம் போட்டேன்: இனி எல்லா நாளும் வெள்ளிக்கிழமை, மரக்கறிதான். பரமேஸ் அவித்த கடலையும் தேங்காய்ப்பால் விடாத பருப்பும் வைத்தாள்.

"இதென்ன ஆஸ்பத்திரிச் சாப்பாடு? சோயாவைப் பொரிச்சு, முதற்பால் விட்டு, இறைச்சிக்கறி மாதிரி வையும். பருப்புக்கு நெய் விடும். சைவத்திலை ஏது கொழுப்பு?"

அவள் இரண்டு சட்டி வைத்தாள். எனக்கு நான் கேட்டபடி, தனக்கு அவித்தது. நான் கோயில் வீதியில் நின்று போறவாறவர்களுக்கெல்லாம் கொலஸ்ட்ரோல் வகுப்பு எடுத்தேன்.

மூன்று மாதத்தில் பரமேசுக்குக் குறைந்திருந்தது. எனக்கு ஏறியிருந்தது.

"ஐயா, ஒளிச்சு ஆடு சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டா டொக்டர் பிள்ளை.

"கோயிலாணை இல்லை!"

"ஆட்டை விட்டவர்தான் பிள்ளை" என்றாள் பரமேஸ். "தென்னையைத்தான் விடேல்லை."

டொக்டர் பிள்ளை சிரித்து முடித்துத்தான் விளக்கினா. "மரக்கறியிலை கொலஸ்ட்ரோல் இல்லைத்தான் ஐயா. ஆனா தேங்காய்ப்பால், நெய்க் கொழுப்பு கூடினா, உங்கடை ஈரலே கொலஸ்ட்ரோலைக் கூடுதலாச் செய்யும். சோயா செய்த நன்மையை நீங்களே பால் ஊத்திக் கெடுத்துப்போட்டியள்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பியும் வெள்ளிக்கிழமை தவறாதவன். அவன் வீட்டுப் பருப்பிலும் நெய் மிதக்கும். அதை அவனுக்குச் சொல்ல ஆளிருக்கவில்லை. குளிசையை வாங்கினேன்.

இப்போது வீட்டில் யார் தேங்காய் துருவினாலும் என் மகள், "அப்பான்ரை ஆடு கத்துது" என்பாள். மருமகன் தொடங்கிப் பேரப்பிள்ளைகள் வரை சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். ஆனால் வீட்டில் இறைச்சியை நிறுத்தியது ஆர்? கடலையை மூட்டையாக வாங்கி லொறியில் கொண்டுவந்து இறக்கியது ஆர்? பரமேசின் இரத்தம் சுகப்பட்டதில் என் பங்கும் உண்டு. முதலில் அதைச் சொல்லுங்கள், பிறகு சிரியுங்கள்.